வளர்ந்த நாய் வீட்டோடு ஒட்டுமா? செங்காங்கிலிருந்து கேட்டவருக்கு

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. சிங்கப்பூரின் செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நாலறை வீடு. நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மாமியார் பகல் முழுவதும் வீட்டில் இருக்கிறார். பத்து வயது மகள் ஆறு மாதமாக நாய் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடையில் வாங்க மனமில்லாமல் ஒரு காப்பகத்துக்குப் போனீர்கள். அங்கே நான்கு வயதுக் கறுப்பு நாய் ஒன்றைக் காட்டினார்கள். தோள் உயரம் 52 சென்டிமீட்டர், எடை 18 கிலோ. மகளுக்குப் பிடித்துவிட்டது. மாமியாரோ, யாரோ வேண்டாம் என்று விட்ட நாய்க்குக் குணம் கெட்டிருக்கும், எடுப்பதானால் குட்டியாக எடு, அதுதான் ஒட்டும் என்கிறார். போதாக்குறைக்குக் காப்பகத்தினர் சம்பளம் முதல் விடுமுறைவரை துருவித் துருவிக் கேட்டதில் உங்களுக்கு மனம் கசந்திருக்கிறது. குட்டியா, வளர்ந்த நாயா என்று கேட்டிருக்கிறீர்கள். முன்கதை தெரியாத ஓர் உயிரைக் குழந்தையும் வயதானவரும் இருக்கும் வீட்டுக்குள் நம்பிச் சேர்க்கலாமா என்பதுதான் உண்மையில் உங்களை உறுத்துவது என்று எனக்குப் படுகிறது.

நான் விலங்கு மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகள் தாதியாக இருந்தவள். அதன் பிறகு இத்தனை ஆண்டுகளாக, தத்தெடுக்க விண்ணப்பிப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்துவரும் தொண்டூழியம் செய்கிறேன். மருத்துவர் அல்லள், விலங்கு நடத்தையில் பட்டம் பெற்றவளும் அல்லள். நாய், பூனை வரைக்கும் என் பேச்சை நம்பலாம். முயல், கிளி என்று கேட்டால் வேறு யாரிடமாவது அனுப்பிவிடுவேன். உங்கள் கேள்விக்கு என் பதில்: வளர்ந்த நாயையே எடுங்கள். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்தக் கறுப்பு நாயையே எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். நான் அதைப் பார்த்ததில்லை.

ஒட்டுவதைப் பற்றி முதலில். இதில் ஐயத்துக்கு அதிக இடமில்லை. ஹங்கேரியில் எட்வஸ் லோராண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2001ல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்தில் இருந்த வளர்ந்த நாய்களோடு முன்பின் தெரியாத ஒருவர் மூன்றே முறை, முறைக்குப் பத்து நிமிடம் பழகினார். அந்த நாய்கள் பின்னர் அந்த மனிதரிடம் நடந்துகொண்ட விதம், வீட்டு நாய் தன் எஜமானரிடம் நடந்துகொள்வதைப் போல் இருந்தது.  அவர் அறைக்குள் திரும்பி வந்தால் அவரை நாடிப் போயின. மனிதத் துணை கிடைக்காத நாய்க்கு அதன் மேல் உள்ள பசி அப்படி. குட்டியாக எடுத்தால்தான் ஒட்டும் என்பது மாடு கன்றுக்குப் பொருந்துமோ என்னவோ, நாய்க்குப் பொருந்தாது. மருத்துவமனையில் எட்டு வயதில், பத்து வயதில் கைமாறிய நாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புதிய வீட்டுக்காரர் ஊசி அறைக்கு வெளியே இருமினால் போதும், உள்ளே மேசையில் கிடப்பது தலையைத் தூக்கும்.

குட்டியிடம் எனக்குள்ள சிக்கல் வேறு. சிங்கப்பூரில் காப்பகத்தில் கிடைக்கும் குட்டி பெரும்பாலும் கலப்பு இனம். ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று நாம் செல்லமாக அழைக்கும் நம் ஊர்த் தெருநாயின் வாரிசு. தாய் யார் என்று சில சமயம் தெரியும். தகப்பன் யார் என்று எப்போதும் தெரியாது. வீவக வீடுகளில் முன்பெல்லாம் அனுமதிப் பட்டியலில் உள்ள சிறு இன நாய்களுக்கு மட்டும்தான் இடம். 2012ல் ‘அடோர்’ திட்டம் வந்த பிறகே, அதில் பங்கெடுக்கும் விலங்குநல அமைப்புகள் வழியாகக் கலப்பு இன நாய்களை எடுக்க வழி பிறந்தது. அப்போதும் உயரம் 50 சென்டிமீட்டர், எடை 15 கிலோ என்று வரம்பு வைத்திருந்தார்கள். 2020 மார்ச்சில் உயர வரம்பை 55 ஆக்கி, எடை வரம்பை நீக்கினார்கள். நீங்கள் பார்த்த கறுப்பு நாய் அதற்கு முன் உங்கள் வீட்டு வாசற்படியை மிதித்திருக்க முடியாது. வளர்ந்த நாய் என்றால் அளவுகோலை வைத்து அளந்துவிடலாம். மூன்று மாதக் குட்டியை அளந்து என்ன தெரியும்?

இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். பழைய வரம்பு இருந்த காலத்தில் ஒரு குடும்பத்துக்கு நான்கு மாதக் குட்டியைப் பரிந்துரைத்தேன். பாதம் சிறியது, பெரிதாக வளராது என்று பெரிய அனுபவசாலி போலச் சொன்னேன். பாதத்தைப் பார்த்து உயரம் சொல்வது கைரேகை பார்ப்பது மாதிரிதான் என்று பிறகு புரிந்தது. ஒன்றரை வயதில் அது 58 சென்டிமீட்டருக்கு நின்றது. அதற்குள் அந்த வீட்டுப் பையன் அதோடுதான் தூங்குவான். கடைசியில் தரைவீட்டில் இருந்த அவர்களின் சித்தப்பா எடுத்துக்கொண்டார். நல்ல முடிவுதான். ஆனால் நாய் போன அன்று அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உயரம் மட்டுமல்ல, குணமும் அப்படித்தான். ஓர் இனத்து நாய் என்றால் இன்ன குணம் என்று விற்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். 2022ல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வந்த அமெரிக்க ஆய்வு 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்தது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு ஒன்பது விழுக்காடு அளவுக்குத்தான் என்று அது காட்டியது. ஆகவே கடையில் பல ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கும் குட்டிக்கும் குண உத்தரவாதம் கிடையாது. வளர்ந்த நாயின் குணம் கண்முன்னே நிற்கிறது. பூனையைப் பார்த்தால் என்ன செய்கிறது, தனியாக விட்டால் ஊளையிடுகிறதா, குழந்தை ஓடினால் துரத்துகிறதா என்பதைப் பராமரிப்பவர்கள் மாதக்கணக்கில் பார்த்திருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள்.

அடுத்து, குணம் கெட்டதால்தானே விட்டிருப்பார்கள் என்ற பேச்சு. சிங்கப்பூர்க் காப்பகங்களில் உள்ள கலப்பு இன நாய்களில் நிறையவற்றை யாரும் விடவே இல்லை. அவற்றுக்கு வீடே இருந்ததில்லை. துவாஸ் தொழிற்சாலைகளின் பின்புறம், லிம் சூ காங் பண்ணை ஓரம், கட்டுமானத் தளம் என்று பிறந்து வளர்ந்தவை. தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, முடிந்தால் வீடு தேடித் தருவது, முடியாவிட்டால் பிடித்த இடத்திலேயே விட்டுக் கண்காணிப்பது என்ற தேசியத் திட்டம் 2018 நவம்பரில் தொடங்கியது. காப்பகங்களுக்கு நாய்கள் வரும் வழிகளில் அதுவும் ஒன்று. மனிதர்கள் கொண்டுவந்து விட்டவையும் உண்டு, மறுக்கவில்லை. வெளிநாட்டு வேலை முடிந்து ஊர் திரும்பியவர், விவாகரத்து, பிறந்த குழந்தைக்கு ஒவ்வாமை, வளர்த்த முதியவர் காலமானது என்று காரணங்கள் எழுதியிருக்கும். கடித்தது என்று எழுதியிருப்பதும் உண்டு. எந்த வகை என்று நேரடியாகக் கேட்டால் நல்ல காப்பகம் மறைக்காது. மழுப்பினால் வேறு காப்பகம் பாருங்கள்.

அதைவிட முக்கியமான ஒரு கேள்வி உண்டு. பெரும்பாலோர் அதைக் கேட்பதே இல்லை. எத்தனை வார வயதில் முதன்முதலாக மனிதக் கை இதன் மேல் பட்டது? நாய்க்குட்டிக்கு மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்காம் வாரம்வரை உலகம் அறிமுகமாகும் பருவம். அந்தக் காலத்தில் எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அதெல்லாம் அதற்கு இயல்பாகிவிடும். அப்போது பார்க்காதது வாழ்நாள் முழுக்க ஓரளவு அந்நியமாகவே இருக்கும். காட்டோரத்தில் பிறந்து இரண்டு வயதில் பிடிபட்ட நாய் உங்கள் நால்வரை மட்டும் நம்பி, வீட்டுக்கு வரும் விருந்தாளியைக் கண்டால் கட்டிலுக்கடியில் போய்விடலாம். அன்பால் மட்டும் அதை மாற்றிவிட முடியாது. கட்டுமானத் தளத்து நாய் பெரும்பாலும் வேறு மாதிரி. அதைக் குட்டியிலிருந்தே யாராவது தூக்கியிருப்பார்கள், திட்டியிருப்பார்கள், மிச்சச் சோறு போட்டிருப்பார்கள்.

என் வீட்டு நாய் அப்படி வந்ததுதான். காப்பகத்துக் கோப்பில் பெயர் ஆஸ்கர். முதல் வாரம் அவன் எதற்கும் திரும்பவில்லை. ஆங்கிலத்தில் உட்கார், வா என்று தொண்டூழியர்கள் மாறி மாறிச் சொல்லியும் சுவரைப் பார்த்தபடியே இருந்தான். பிடிபட்ட இடத்தில் தமிழ்நாட்டு ஊழியர்கள் தங்கியிருந்தார்கள் என்று கோப்பில் ஒரு வரி இருந்தது. நம் ஆட்கள் நாய்க்கு வேறென்ன பெயர் வைப்பார்கள் என்று ‘மணி’ என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அசையவில்லை. பிறகு, ஊரில் பாட்டி கூப்பிடுகிற மாதிரி உதட்டைச் சப்புக்கொட்டி ‘இந்தா, இந்தா’ என்றேன். இடது காது மட்டும் என் பக்கம் திரும்பியது. உணவு டப்பாவின் மூடியை விரல் நகத்தால் தட்டினேன். எழுந்து வந்துவிட்டான். யாரோ ஒரு தம்பி, புதுக்கோட்டைப் பக்கமோ பெரம்பலூர்ப் பக்கமோ, வேலை முடிந்த இரவுகளில் தன் பங்குச் சோற்றில் ஒரு பிடி இவனுக்கு வைத்திருக்கிறார். தளத்தில் வேலை முடிந்து அவரை வேறு இடத்துக்கு அனுப்பியிருப்பார்கள். இவனை வேண்டாம் என்று விட்டவர் யார் என்று என்னைக் கேட்டால் என்ன சொல்வது?

இப்படிச் சொல்லிவிட்டு ஆஸ்கரின் மறுபக்கத்தை மறைத்தால் அது நேர்மை ஆகாது. எங்கள் வீடு பதினொன்றாம் மாடி. தரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு மின்தூக்கி என்றால் என்னவென்று தெரியாது. கதவு திறந்ததும் நான்கு கால்களையும் பரப்பித் தரையோடு படுத்துவிட்டான். முதல் இரண்டு நாள் பதினொரு மாடி படிக்கட்டு, காலையும் மாலையும். மூன்றாம் நாள் என் முட்டி பேச ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகு திறந்து நிற்கும் மின்தூக்கிக்கு வெளியே மூன்றடி தள்ளி உட்கார்ந்து அவித்த கோழித் துண்டு கொடுத்தோம். மறுநாள் இரண்டடி. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்தே வைத்திருந்து உதவினார். அவர் நாயைத் தொட மாட்டார், ஆனால் அவன் உள்ளே ஒரு கால் வைத்த அன்று முதலில் கைதட்டியவர் அவர்தான். உள்ளே போய்க் கதவு மூடி ஒரு மாடி மட்டும் இறங்கப் பத்தொன்பது நாள் ஆனது. இன்றும் உள்ளே ஏறியதும் மூலையில் போய்ச் சுவருக்கு முதுகு கொடுத்துத்தான் நிற்பான். உங்கள் வீடு எத்தனையாவது மாடி என்று நீங்கள் எழுதவில்லை. அந்தக் கறுப்பு நாய் மின்தூக்கியில் ஏறியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஐயமுள்ள பகுதிக்கு வருகிறேன். காப்பகத்தில் பார்க்கும் நாய், வீட்டுக்கு வரும் நாய் இரண்டும் ஒன்றா? முழுவதும் ஒன்றல்ல. புதிதாகக் காப்பகத்துக்கு வந்த நாய்களின் ரத்தத்தில் மனஅழுத்தச் சுரப்பான கார்ட்டிசால் முதல் மூன்று நாள் கூடுதலாக இருப்பதை அமெரிக்க ஆய்வு 1997லேயே காட்டியது. நூறு நாய் குரைக்கும் இடத்தில் எந்த நாயும் தன் இயல்பில் இருப்பது கடினம். உணவுக்கிண்ணத்தைக் காத்து உறுமுகிறதா என்ற சோதனையைப் பெரிதாகச் சொல்வார்கள். ஒரு சிறிய ஆய்வில், காப்பகத்தில் அப்படி உறுமிய நாய்களில் ஏறத்தாழப் பாதிதான் வீட்டிலும் உறுமின. அங்கே சாதுவாக இருந்தவற்றில் ஐந்தில் ஒன்று வீட்டில் உறுமியது. ஆகவே ஒரு நாள் சோதனையை வைத்து வாக்குக் கொடுப்பவரை நான் நம்புவதில்லை. தனியே விட்டால் கதவைப் பிராண்டுவது போன்ற பிரிவுத் துயரும் சில சமயம் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். கறுப்பு நாய்களை யாரும் எடுப்பதில்லை என்று தொண்டூழியர்கள் சொல்வதும் உண்டு. ஆய்வுகள் இதில் ஒருமித்துப் பேசவில்லை. புகைப்படத்தில் கறுப்பு முகம் சரியாக விழாது என்பது என்னவோ உண்மை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? குறைந்தது மூன்று முறை, வேறு வேறு வேளைகளில் போங்கள். நாய் பயப்படுகிறதா என்று பார்க்காதீர்கள், எல்லா நாயும் பயப்படும். பயந்தது எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்று பாருங்கள். எங்காவது வாளி விழுந்து சத்தம் கேட்டால் துள்ளிவிட்டு, பத்து எண்ணுவதற்குள் திரும்ப வந்து மோப்பம் பிடித்தால் நல்ல அறிகுறி. அரை மணி நேரம் மூலையிலேயே நடுங்கினால் குழந்தை உள்ள வீட்டுக்கு அது சிரமம். வருடத்தில் பாதிக்கு நெருங்கிய நாட்கள் இடி இடிக்கிற ஊர் இது என்பதையும் நினைவில் வையுங்கள். வெளியே நடக்கக் கூட்டிப் போக அனுமதி கேளுங்கள். பதற்றத்தின் உச்சியில் இருக்கும் நாய் கையில் கொடுக்கும் தின்பண்டத்தைத் தொடாது. தொட்டால் பெரும்பாலும் ஓரளவு தணிந்திருக்கிறது என்று பொருள். பல அமைப்புகள் ஒன்றிரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்க விடுகின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் மாமியாரின் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். அந்தத் தலைமுறைக்கு நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஊரில் வெறிநாய் கடித்து இறந்தவரை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். சிங்கப்பூர் 1953 முதல் வெறிநோய் இல்லாத நாடு என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அதற்காக இங்கே நாய்க்கடியை அலட்சியப்படுத்தலாம் என்பதில்லை; பல் பட்டால் கழுவிவிட்டு மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். பூசை அறைக்கு இடுப்புயரத் தடுப்பு ஒன்று போட்டுவிட்டால் பாதிச் சண்டை வராது. பைரவருக்கே நாய்தானே வாகனம் என்று வாதாட மட்டும் இறங்காதீர்கள். எங்கள் வீட்டில் நான் இறங்கினேன். அடுத்த வெள்ளிக்கிழமைவரை அத்தை என்னோடு பேசவில்லை. எதிர்த்த மாமியாரின் காலடியில்தான் பிறகு நாய் படுத்துக் கிடக்கும் என்று நிறையக் கதை கேட்டிருப்பீர்கள். அப்படி நடந்த வீடுகளும் தெரியும், நடக்காமல் நாய் திரும்பி வந்த வீடுகளும் தெரியும். பகல் எட்டு மணி நேரம் அதோடு இருக்கப்போகிறவர் அவர். அவருடைய சம்மதம் இல்லாமல் எடுக்காதீர்கள் என்பதில் நான் கறாராக இருக்கிறேன்.

அவர் சம்மதித்துவிட்டால் அடுத்த கவலை, அன்பு மிகுதியில் அவர் போடப்போகும் சோறு. வெங்காயமும் பூண்டும், பச்சையோ வெந்ததோ, நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பூனைக்கு இன்னும் மோசம். திராட்சையும் பாயசத்து உலர்திராட்சையும் சிறுநீரகத்தைத் தாக்கும். காரணம் அதிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்ற கருத்து 2021க்குப் பிறகு வலுப்பெற்றிருக்கிறது. இன்னும் முடிந்த முடிபல்ல. ஆனால் புளியிலும் அதே அமிலம் உண்டு, புளி தின்ற நாய்கள் நோயுற்றதும் பதிவாகியிருக்கிறது. ஆக சாம்பார், ரசம், புளிக்குழம்பு மூன்றும் கூடாது. தாளிக்காத தயிர்ச்சோறு ஒரு பிடி என்றால் நான் கண்டுகொள்ள மாட்டேன். அலமாரியில் போடும் பாச்சை உருண்டை, பூசைக் கற்பூரம் இரண்டையும் எட்டாத இடத்தில் வையுங்கள். காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும், நாய்க்கும் தானாகக் கொடுக்கக் கூடாது.

காப்பகத்தினர் துருவிக் கேட்டதைப் பற்றி. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. வீடு பார்க்கப் போகும் என்னையே சிலர் வருமானவரி அதிகாரியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். சம்பளம் கேட்பது உங்களை எடைபோட அல்ல. காப்பீடும் அரசு உதவியும் இருக்கிற மனித மருத்துவத்துக்குப் பழகியவர்களுக்கு விலங்கு மருத்துவக் கட்டணம் அதிர்ச்சியாக இருக்கும். என் கணக்குப் புத்தகத்தில் ஆஸ்கருக்கு நோய்நொடி இல்லாத மாதத்தில் உணவு, உண்ணிக்கும் இதயப்புழுவுக்குமான தடுப்பு மருந்து எல்லாம் சேர்த்து 130 முதல் 160 வெள்ளி ஆகிறது. உண்ணிக் காய்ச்சல் வந்த மாதம் அதைப்போல் ஆறு மடங்கு. உரிமம் மலிவுதான்: கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90. டிசம்பர் விடுமுறையில் நான்கு வாரம் ஊருக்குப் போனால் நாய் யாரிடம் இருக்கும் என்று கேட்டிருப்பார்கள். தமிழ்க் குடும்பங்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி அது. தாத்தா வீட்டுக் கல்யாணம் என்று கிளம்பிவிட்டு, கடைசி நாளில் நாயைக் காப்பகத்தில் விட்டுப்போக வந்தவர்களைப் பார்த்ததால் கேட்கிறேன். வீட்டைத் துடைப்பதும் நாயை நடத்துவதும் பணிப்பெண்ணின் வேலை என்றால், அவரிடம் கேட்டீர்களா என்பதும் அவசியம். அவர் முஸ்லிமாக இருந்தால் நாயின் எச்சில் படுவது அவருக்குச் சங்கடம். ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். எங்களில் சிலர் கேட்கும் தொனி சரியில்லை. நல்ல குடும்பங்களை அப்படித் துரத்தியிருக்கிறோம்.

மகளைப் பற்றி ஒன்று. நாயை அவளுடைய பொறுப்பில் விடுவதாகச் சொல்லி எடுக்காதீர்கள். இரண்டு ஆண்டில் அவளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. இந்த நாய் பதின்மூன்று, பதினான்கு வயதுவரை இருந்தால் அப்போது அவளுக்கு இருபது. நாய் உங்களுடையது, அவள் உதவுவாள், அவ்வளவுதான். தூங்கும்போதும் தின்னும்போதும் கிட்டப் போகக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது என்ற இரண்டை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள். நாய் உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்திவிட்டால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கலாம்.

வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் நான் அதிகம் பயப்படுவது கடிக்கு அல்ல, ஓட்டத்துக்கு. பழகாத தாழ்வாரத்தில் பிடி நழுவி, கீழே இறங்கி, விரைவுச்சாலையை நோக்கி ஓடிய நாய்கள் உண்டு. கழுத்துப்பட்டையில் ஒரு வார், மார்புப்பட்டையில் ஒரு வார் என்று இரண்டு போட்டுக்கொண்டு நடத்துங்கள். இரும்புக் கதவின் கீழ் இடைவெளியை முதல் நாளே அடையுங்கள். குளிப்பாட்டுவது, உறவினரைக் கூப்பிட்டுக் காட்டுவது எல்லாம் ஒரு மாதம் கழித்து. மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று பழகும் காலத்தைச் சொல்வார்கள். அது தொண்டூழியர்களின் கைக்கணக்கு, அறிவியல் அல்ல. ஆனாலும் நான்காம் நாளே இது விளையாடவே இல்லை என்று திருப்பி அனுப்ப நினைப்பவருக்கு உதவும். அடோர் திட்டத்தில் எடுப்பவர்கள் அடிப்படைப் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். வேண்டாவெறுப்பாகப் போகாதீர்கள், குடும்பமாகப் போங்கள்.

எல்லாவற்றையும் படித்த பிறகு, நடத்திக் கூட்டிப்போக நேரம் இல்லை என்று தோன்றினால் பூனையை யோசிக்கலாம். 2024 செப்டம்பர் முதல் வீவக வீட்டில் உரிமத்தோடு இரண்டு பூனைவரை வளர்க்கலாம். அதிலும் வளர்ந்ததையே சொல்வேன். சன்னல்களுக்கு வலை போட்ட பிறகுதான் பூனை உள்ளே வர வேண்டும். பூனை விழாது என்று நம்பியவர்கள் கொண்டுவந்த பூனைகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

அடுத்த முறை மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வார நாளாக இருந்தால் நல்லது, சனி ஞாயிறு கூட்டம். மழைக்காலத்தில் காப்பகங்கள் இருக்கும் சுங்கை தெங்கா பக்கம் கொசு அதிகம், அவருக்குக் கால் மூடும் உடை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு நாற்காலி கேட்டு அவரை உட்காரவைத்துவிடுங்கள். நாயைத் தடவச் சொல்ல வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். உப்பில்லாமல் அவித்த கோழித் துண்டு நாலைந்தை ஒரு சிறிய டப்பாவில் போட்டு அவர் மடியில் வையுங்கள். பேச்சுக்கொடுத்துக்கொண்டிருங்கள். கால் மணி நேரம் கழித்து அந்தக் கறுப்பு நாய் எங்கே நிற்கிறது, மாமியாரின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மேற்கொண்டு பேசலாம்.